எல்லாரும் வரட்டும்காரர்

‘எல்லாரும் வரட்டும்’ என்று ஓர் இனம் உண்டு. யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. எவனாவது வழி கேட்க எட்டிப் பார்த்தாலும் வாடிக்கையாளர் என்று நாற்காலி போடும். என் மருமகன் அதில் முதல் தரம்.

என் மகள் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். இந்த மாதமும் வேலை வராவிட்டால் கடையை மூடிவிட்டுப் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலேயே போய் நிற்க வேண்டியதுதான். அதனால் இணையத்தில் விளம்பரம். ஜனங்கள் எதைத் தேடினால் நம் கடை தெரிய வேண்டும் என்று நாமே சொல்லலாமாம். விளம்பரத்தைத் தொடுகிற ஒவ்வொருவனுக்கும் நம் காசு கரையுமாம். இதில் மூன்று வகை. தேடுவது கிட்டத்தட்ட ஒட்டினாலே போதும் என்பது பிராட் மேட்ச். சொன்னதைத்தான் தேட வேண்டும் என்பது எக்ஸாக்ட். சொன்னது உள்ளே இருக்கட்டும், முன்னே பின்னே என்ன சேர்ந்தாலும் சரி என்பது நடுவிலிருக்கும் ஃபிரேஸ்.

நம்மவர் எதை எடுத்தார்? கேட்கவும் வேண்டுமா?

“வர்றவனை ஏன் தடுக்கணும் அத்தை? இன்னைக்கு சும்மா பாக்குறவன் நாளைக்கு மெஷினோட வருவான்.”

வந்தார்கள். “அக்கா, மெஷினை நானே கழட்டிட்டேன், மாட்டுறது மட்டும் சொல்லுங்க” என்று ஒருவன். வேலை காலி இருக்கிறதா என்று ஒருவன். சட்டையில் மைக்கறை போக என்ன போடுவது என்று ஓர் அம்மாள்.

“பாத்தியா, போன் ஓயவே இல்ல” என்றார் என் மகளிடம்.

“போன் ஓயலங்க. போட்ட காசு ஓஞ்சிருச்சு.”

மருமகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரேயடியாக எக்ஸாக்டுக்குத் தாவி, ‘முன்பக்கக் கதவு தானியங்கி சலவை இயந்திரம் பழுது நீக்குதல்’ என்று எழுதினார். துணி ஊறி நாறும் நேரத்தில் எவன் இப்படித் தேடுவான்? கடையில் ஈ ஓட்டினோம்.

“தரமானவங்க மட்டும் வருவாங்க.”

“எங்க?”

நடுவிலிருப்பதைப் போட்டால் என்ன என்று கேட்டேன். அது கோழைக்கானதாம். மகள் போனை வாங்கி, ‘வாஷிங் மெஷின் ரிப்பேர்’ என்று எளிமையாக எழுதி, அந்த ஃபிரேஸையே போட்டாள். மறுநாள் ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டார்: தண்ணீர் வடியவில்லை, இருக்கிற போர்வையெல்லாம் ஈரம். பின்னாலேயே இன்னும் சிலர். கடை மூடும் பேச்சு இப்போது இல்லை. மருமகன் தெருவெல்லாம் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதலில் “நல்ல பொண்ணா இருந்தா போதும்” என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். பிறகு உயரம், நிறம், படிப்பு, பல்வரிசை வரை எக்ஸாக்ட் போட்டீர்கள். பையனுக்கு முன்மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது; கவனித்தீர்களா?