குடியரசு நடத்திய லாட்ஜ்

சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு, ஒன்றோடொன்று கலந்துவிடாமல் மூடி வைத்திருந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் கரமனையில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நாலு வருஷம் நான் அந்த லாட்ஜில்தான் கிடந்தேன், அத்தனையும் கண்ணால் பார்த்தவன்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘குடியரசு’. நேரில் மட்டும் அண்ணாச்சி. ஒல்லியான உடம்பு, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, முண்டின் மேல் போலீஸ்காரர் கட்டுவது போல அகலமான தோல் பெல்ட். லாட்ஜில் யார் வந்து நின்றாலும் அவருக்கு ‘சாரே’தான். பேங்க் ஆபீசரும் சாரே, கொத்தனாரும் சாரே, தபால் கொண்டு வருகிறவரும் சாரே. ஒருநாள் வாசலில் படுத்திருந்த நாயைக் கூட “சாரே, கொஞ்சம் தள்ளிக்கிடும்” என்று சொன்னதை நான் கேட்டேன். நாய் தள்ளிப் படுத்தது.

அவர் கொள்கை மிகச் சுலபமானது. சுதந்திரம் ஆகஸ்ட் பதினைந்துக்கு உரியது, சமத்துவம் ஜனவரி இருபத்தாறுக்கு உரியது. இரண்டு மருந்தை ஒரே வேளையில் விழுங்கினால் வயிறு என்ன ஆகும் என்று கேட்பார். வருஷத்தின் மற்ற நாட்களில் லாட்ஜை ஆண்டது வராந்தாவில் தொங்கிய பலகை. அதில் முப்பத்திரண்டு விதிகள். குளிக்கும்போது பாடலாம், ஆனால் ஒரு பாட்டுதான். வாளியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் சுட வைக்கும் காயில் கண்ணில் பட்டால் பறிமுதல். முப்பத்திரண்டாவது விதி, மேலே சொன்னதெல்லாம் மேனேஜருக்கும் பொருந்தும் என்பது.

ஆகஸ்ட் பதினைந்து காலை ஆறு மணிக்கு அந்தப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிடுவார். பறிமுதல் செய்த காயில்கள் அவரவர் வாசலில் இருக்கும். அன்று முழுவதும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். நாங்கள் என்ன, சும்மா இருப்போமா? முதல் வருஷம் எல்லாக் காயில்களையும் ஒரே நேரத்தில் சொருகி, மொத்த லாட்ஜுக்கும் ஃபியூஸ் போக வைத்தோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கை இடது கையைப் பிடித்திருக்க, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒழுகுகிற குழாயைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் தாங்க முடியாமல் கரமனை ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினார். ஊருக்கெல்லாம் சுதந்திர தினம், அவருக்கு அது உபவாசம்.

அன்று காலை கொடியேற்றத்துக்கும் நான் போகவில்லை. நல்ல மழை, நல்ல தூக்கம். ஒருத்தருமே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குடியரசு தனியாகக் கொடியை ஏற்றி, தனியாக நின்று தேசிய கீதம் முழுவதையும் பாடினார். ஜன்னல் வழியாக அது காதில் விழுந்தபோது எனக்குப் பெரிய சங்கடம். படுத்தே கிடப்பதா, எழுந்து நிற்பதா? எழுந்து, கட்டில் பக்கத்தில் கைலியோடு விறைப்பாக நின்றேன். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஸ்டீல் டம்ளரில் பாயசம் கொடுத்துக்கொண்டு வந்தார். வர முடியாமல் போனதற்கு மன்னிக்கணும் என்று இழுத்தேன்.

“மன்னிக்க என்ன இருக்கு சாரே. வராம இருக்கவும் உரிமை உண்டுங்கிறதுதானே இன்னைக்கு விசேஷம்” என்றார்.

இப்படிச் சொல்லிவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? அடுத்த வருஷம் வெறும் எரிச்சலிலேயே ஐந்தரை மணிக்குக் குளித்துவிட்டுப் போய் நின்றேன்.

ஜனவரி இருபத்தாறு வேறு ரகம். அன்றுதான் அறைக் குலுக்கல். பதினொரு அறை, மேனேஜரையும் சேர்த்துப் பதினொரு ஆள், எல்லா அறைக்கும் ஒரே வாடகை. ஆனால் அறைகள் ஒன்றா? ஏழாம் நம்பரில் ஜன்னலைத் திறந்தால் கரமனை ஆறு கையகலம் தெரியும், காற்று வரும். மூன்றாம் நம்பருக்கு அடுத்தாற்போல் தண்ணீர் மோட்டார், அது ஓடும்போது நம் பல்லும் சேர்ந்து ஓடும். பதினொன்று மொட்டை மாடியில், ஷீட் கூரைக்குக் கீழே. இரண்டு மாடி ஏறி, அதன் பிறகு ஒரு இரும்பு ஏணிப்படி. தரை சிமெண்ட் பெயர்ந்து, நடந்தால் கால் பூரா மாவாகும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோர் அறையும் பிஸ்கட் டின்னுக்குள் சீட்டாகப் போகும், அவர் அறை உட்பட. எவருக்குப் பதினொன்று விழுகிறதோ அவருக்கு அன்று கொடி ஏற்றுகிற கௌரவம். எடுத்த சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது, அது பத்தொன்பதாவது விதி. மதியத்துக்குள் எல்லோரும் மாறியாக வேண்டும். மாடிப்படியில் பதினொரு மெத்தையும் பதினொரு வாளியும் ஏறி இறங்குகிற காட்சி டில்லி அணிவகுப்பில் கூடக் கிடைக்காது.

எங்களோடு ஒரு பேங்க் சார் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், ஐம்பதை நெருங்குகிறவர், எந்த அறையில் எந்தப் பக்கம் தலை வைத்தால் தூக்கம் வரும் என்று கணித்து வைத்திருப்பவர். ஒரு வருஷம் ஏழாம் நம்பர் கிடைத்து, திரைச்சீலை, கொசுவலை, பூந்தொட்டி என்று சின்ன அரண்மனையே கட்டினார். அடுத்த ஜனவரியில் மோட்டார் அறை விழுந்தது. “மேனேஜர், நான் ஆறு வருஷமா இருக்கேன், சீனியாரிட்டின்னு ஒண்ணு கிடையாதா?” என்று சண்டைக்குப் போனார்.

“சீனியாரிட்டி உங்க பேங்கில உண்டும் சாரே. இங்க எல்லாரும் இன்னைக்குக் காலையில வந்தவங்கதான்” என்று பதில் வந்தது. அப்படிச் சொன்னவருக்கே அந்த வருஷம் பதினொன்று. போனும் ரிஜிஸ்டரும் கீழே, படுக்கை மாடியில். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஏறி இறங்கினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

எங்கிருந்து வந்தது இந்தப் பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன். முன்பு ஏதோ ஒரு ஆபீஸில் பியூனாக இருந்தாராம். முப்பது வருஷம் கொடிக்குள் பூ வைத்து மடித்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது அவர். இழுத்தது எல்லாம் வேறு கை. அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மூன்றாவது வருஷம் டிசம்பரில்தான் விவகாரம் வந்தது. இரண்டாம் நம்பரில் இருந்த முருகேசன் டைல்ஸ் பதிக்கிறவர், வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. தொடை வரை மாவுக்கட்டு. பிப்ரவரியிலிருந்து உட்கார்ந்தபடி டைல் வெட்டுகிற வேலை தருகிறேன், தினமும் காலையில் கேட்டுக்கு வண்டி வரும் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். கீழ் அறையில் இருக்கும்வரை அது நடக்கும். குலுக்கலில் மாடி அறை விழுந்தால் ஊருக்குத்தான் போக வேண்டும், போனால் அந்த வேலைக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்துவிடும். ஊரில் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள், இவர் அனுப்புவதை வைத்துத்தான் அடுப்பு.

நாங்கள் நாலைந்து பேர் குடியரசிடம் தூது போனோம். இந்த ஒரு வருஷம் முருகேசன் பேரைக் குலுக்கலில் போடாதீங்க, ரெண்டாம் நம்பரை அவருக்கே விட்டுடுங்க என்றோம். அவர் முற்றத்தில் மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

“விலக்கு குடுத்தா அதுக்குப் பேரு இரக்கம் சாரே. இரக்கப்படுதவன் ஒரு படி மேல நிப்பான், வாங்குதவன் ஒரு படி கீழ நிப்பான். அதுக்கா நான் இந்த டின்ன வச்சிருக்கேன்?”

எனக்கு வந்ததே கோபம். உங்களுக்கு நெஞ்சில் இருப்பது கல்லா, உங்கள் விதிப் பலகையா என்று கேட்டுவிட்டேன். அவர் பெல்ட்டைச் சரி செய்துகொண்டார். சரி, முருகேசனையாவது கெஞ்சச் சொல்லலாம் என்று அவர் அறைக்குப் போனால், அந்த ஆள் அதற்கு மேல். “எல்லார் பேரையும் போடும்போது எம்பேரையும் போடச் சொல்லுங்க. பாவம்னு ஒதுக்கி வச்சிராதீங்க” என்றார். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டி ஆற்றில் போடலாம் போல இருந்தது எனக்கு.

ஜனவரி இருபத்தாறு. முற்றத்தில் எல்லோரும் கூடினோம். முருகேசன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். டின் சுற்றி வந்தது. எனக்கு மோட்டார் அறை. பேங்க் சாருக்கு இரண்டாம் நம்பர், கீழ்த்தளம், இத்தனை வருஷத்தில் அவருக்கு வாய்த்த நல்ல அறைகளில் ஒன்று. முருகேசன் கையை விட்டு எடுத்து, பிரித்துப் பார்த்து, எங்களுக்குக் காட்டினார். பதினொன்று.

முருகேசன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“மத்தியான பஸ்ஸுக்குப் போயிருதேன் அண்ணாச்சி. இதுல யார் மேலயும் தப்பு இல்ல.”

குடியரசு காலி டின்னைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, நேராக வராந்தாவுக்குப் போய், விதிப் பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்.

“பத்து நிமிஷம் ஆகஸ்ட் பதினஞ்சு” என்றார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என்ன சொல்கிறார் இந்த மனுஷன் என்று எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சீட்டை மாற்றக் கூடாதென்ற விதியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது என்று புரிந்ததும் முதலில் எழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், மோட்டார் அறையும் கீழ்த்தளம்தான், ஆனால் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுந்தது பேங்க் சார்.

“முருகேசன், என்னோட ரெண்டாம் நம்பரை நீங்க எடுத்துக்கறேளா? எனக்கு மாடியில இருக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

கலப்படமில்லாத பொய். மாடிப்படியைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறவர் அவர். முருகேசனுக்கும் அது தெரியும், தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். முதுகைத் திருப்பாமலே குடியரசு பேசினார்.

“முருகேசன் சாரே, வேண்டாம்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டும். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

முருகேசன் நிமிர்ந்தார். குடியரசைப் பார்க்கவில்லை, பேங்க் சாரைத்தான் பார்த்தார்.

“மேல தரை பூரா பேந்து கெடக்கு சார். கால் சரியானதும் நான் டைல் பதிச்சுத் தருவேன். அதுக்கு நீங்க சரின்னா, இதுக்கு நான் சரி.”

பேங்க் சார் கையை நீட்டினார். முருகேசன் பிடித்துக் குலுக்கினார். காரியம் முடிந்துவிட்டது, ஆனால் பத்து நிமிஷம் என்றால் அவருக்குப் பத்து நிமிஷம்தான். மிச்ச நேரமும் குடியரசு திரும்பவில்லை, நாங்களும் அசையாமல் நின்றோம். பலகையை நேராக மாட்டிவிட்டு அவர் வந்தபோது கண் சிவந்திருந்தது. வெயில் என்றார். அவர் நின்றது நிழலில்.

பேங்க் சார்தான் கொடி ஏற்றினார். கயிற்றை மாற்றி இழுத்து, அவிழாமல் திணறி, கடைசியில் பூவெல்லாம் அவர் வழுக்கைத் தலையிலேயே கொட்டியது. முருகேசன் ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று சல்யூட் அடித்தார்.

மத்தியானம் நான் மோட்டார் அறைக்குப் பெட்டியைத் தூக்கிப் போகும்போது குடியரசு வழியில் நின்றார். “ரெண்டையும் கலந்துட்டேன் சாரே” என்றார், பாத்திரத்தை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அவரைக் கல் நெஞ்சு என்று சொன்ன வாய் இது. தனித்தனியா இருந்தப்போ ரெண்டுலயும் உப்பு இல்ல அண்ணாச்சி என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மே மாதம் முருகேசன் நன்றாக நடக்க ஆரம்பித்தார். காண்ட்ராக்டரிடம் மிச்சம் மீதி டைல்களைக் கேட்டு வாங்கி வந்து, சிவப்பு, சாம்பல், நீலம் என்று கலந்து, பதினொன்றாம் நம்பரில் ஒரு தரை பதித்தார் பாருங்கள், அப்படி ஒரு தரையை நான் பணக்காரர் வீடுகளில்கூடப் பார்த்ததில்லை. பேங்க் சார் பனியனோடு உட்கார்ந்து சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். அடுத்த ஜனவரிக்கு அவரே இரண்டு மாதம் முன்னாலிருந்து, எனக்குப் பதினொன்றையே விட்டுடுங்கோ மேனேஜர் என்று நச்சரிக்க ஆரம்பித்தார். குடியரசு காதிலேயே வாங்கவில்லை. டின் சுற்றி வந்தது, பதினொன்று எனக்கு விழுந்தது.

கல்யாணமாகி ஸ்ரீவராகத்துக்குக் குடி போகும்வரை அந்த அறையில்தான் இருந்தேன். சாயங்காலம் ஆறானால் குடியரசு முட்டியைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படி ஏறி வருவார். அந்தத் தரையில் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் உட்கார அவருக்கு ஆசை. லாட்ஜ் முழுக்க அவர் பொறுப்பில், எல்லா அறைச் சாவியும் அவர் பெல்ட்டில். ஆனாலும் கதவு திறந்திருந்தால்கூட நிலைக்கு வெளியிலேயே நின்று, “சாரே, உள்ள வரலாமா?” என்று கேட்பார். நான் முடியாது என்று சொல்லிவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்துகொண்டு நிற்பார். அந்தப் பயத்துக்காகவே அந்த மனுஷனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.