அயர்லாந்து பாயின் சாபப் பத்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டு உட்கார்ந்துகொண்டு, அயர்லாந்து தேசத்தில் யார் யாரைக் காதலிக்க வேண்டும், எவன் எந்தப் பௌர்ணமியில் கடலில் மூழ்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் அயர்லாந்து பாய். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய பத்திர எழுத்தர் உரிமத்தில் மட்டும் இருந்தது. மம்சாபுரத்திலிருந்து கிரையம் எழுத வருகிற விவசாயிகள்கூட, "அயர்லாந்து வந்தாச்சா, டீக்குப் போயிட்டாரா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

தொழில் பத்திரம் எழுதுவது. ஒரு பத்திரத்துக்கும் அடுத்த பத்திரத்துக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் தொடர்கதை. செல்போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றில், வியாழக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் போடுவார். எல்லாக் கதையிலும் ஒரு சூனியக்காரி வம்சம், ஒரு குடும்பச் சாபம், அதில் மாட்டிக்கொண்டு தவிக்கிற ஒரு காதல் ஜோடி. எல்லாம் நடப்பது அயர்லாந்தில். மேற்கே பாய் போன தூரம் செங்கோட்டை வரைதான். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

"பாக்காத ஊரைப் பத்தி எப்படி பாய் எழுதுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இதுல என்ன சார் இருக்கு? மழை, மலை, மூட்டம். கார்த்திகை மாசம் பிளவக்கல் அணைக்கட்டுல போயி நில்லுங்க. அதான் அயர்லாந்து. கடல் மட்டும் இருக்காது. அத நான் போட்டுக்கிடுவேன்."

நான் ராஜபாளையத்துக்காரன். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். பாண்டியர் காலத்தை வைத்து அறுநூறு பக்கத்தில் ஒரு நாவல் எழுதி, நானே அச்சடித்து, கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தேன். கல்யாண வீடுகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவந்தேன். கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது குறைந்துவிட்டது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை எழுத வேண்டி பாயிடம் போனேன். பத்திரம் முடிந்த பிறகும் வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் அவர் மேஜையருகே உட்கார்ந்துகொள்வது பழக்கமாகிவிட்டது. இலக்கியம் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. கேட்க அவருக்குப் பொறுமை இருந்தது.

பாயின் நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கிரையமும் செட்டில்மெண்டும் எழுதிய கை. அந்தக் கையால் சாபம் எழுதினால் எப்படி இருக்கும்? 'மொய்ராவின் கண்ணீர்' என்ற தொடரில் கிழட்டுச் சூனியக்காரி பிரிஜிட் குன்றின்மேல் நின்று இப்படிச் சாபமிடுவாள்:

"பிரிஜிட் ஆகிய நான், நல்ல சுயநினைவுடனும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன் இட்ட சாபம் என்னவென்றால், மேற்படி குடும்பத்தில் பிறக்கும் பெண்மக்கள் மனதார விரும்பும் ஆண்கள், திருமணத்துக்கு முந்தைய பௌர்ணமியில் கடலில் மறைவார்கள். இதில் எனக்குப் பின்னிட்டு என் வாரிசுகள் யாதொரு ஆட்சேபணையும் செய்யக்கூடாது."

இதற்குக் கீழே சாபம் செல்லுபடியாகும் நான்கு எல்லை. வடக்கே மாதா கோயில், தெற்கே ஆட்டுத் தொழுவம், கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே சமுத்திரம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பாய், சூனியக்காரி எதுக்கு நாலு எல்லை சொல்லணும்?"

"எல்லை சொல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரனையும் பிடிச்சிருமில்ல சார்?"

இன்னொரு கதையில் சூனியக்காரிக்குக் கோபம் வந்தால் ஊர் முழுக்கப் பால் திரிந்துபோகும். பால்கோவா ஊர்க்காரருக்கு இதைவிடப் பெரிய பயங்கரம் தோன்றாதுதான் என்று மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டேன். பிறகு ஒரு நாள் நூலகத்தில் அயர்லாந்து நாட்டார் கதைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்த ஊர்ச் சூனியக்காரிகள்மேல் சொல்லப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டே அயல்வீட்டுப் பாலையும் வெண்ணெயையும் கெடுப்பதுதானாம். நான் ஏழு வருஷம் கல்வெட்டு படித்து எழுதியதில் தப்பு கண்டுபிடித்துக் கடிதம் போட்டவர்கள் உண்டு. இந்த மனிதர் பால் கடையைப் பார்த்து எழுதியது சரியாக இருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பாயிடம் சொல்லவில்லை.

பொறாமை அன்றைக்கே முளைத்துவிட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்றியது என் மனைவி.

ஒரு நாள் மதியம் அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. போய்ப் பார்த்தால் அவள் செல்போனை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"குழம்பு அடிப்பிடிக்குது, தெரியலையா?"

"செத்த நேரம் இருங்க. மொய்ரா பாறை நுனியில நிக்கா."

"நான் எழுதினத என்னைக்காவது இப்படிப் படிச்சிருக்கியா?"

"படிக்காம என்ன? உங்க நாவல்ல எல்லாரும் நின்னுக்கிட்டே பேசுதாக. ராஜா நிக்காரு, மந்திரி நிக்காரு, அம்புட்டு பேரும் நிக்காக. எனக்குத்தான் கால் வலிச்சுச்சு. எடுத்து வச்சுட்டேன்."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழம்பு தீய்ந்தது அதற்குக் காரணம் அல்ல.

அடுத்த முறை போனபோது பாய் ஒரு தாளை என்முன் விரித்தார். மொய்ராவின் குடும்பத்து வம்சாவளி. வாரிசுச் சான்றுக்கு எழுதுவதுபோலக் கட்டம் கட்டமாகப் போட்டு, இறந்தவர்களுக்குச் சிவப்பு மை. "இந்த வாரம் இது வெளிய வருது சார். மொய்ராவும் டெக்லனும் சொந்தம்னு இதுல தெரியப்போகுது. படிச்சவுக நீங்க, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. தப்பிருந்தா இப்பவே திருத்திருவேன்."

பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்தது. மொய்ராவின் தாயும் டெக்லனின் தாயும் கூடப்பிறந்த அக்காள் தங்கை. அப்படியானால் காதலனும் காதலியும் நம் ஊர்க் கணக்கில் அண்ணன் தங்கச்சி முறை. இதை நம் சனங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சூனியத்தை ஏற்பார்கள், ஓநாயாக மாறுகிற மாமனாரை ஏற்பார்கள், இதை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். "பிரமாதம் பாய். ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

வியாழக்கிழமை அத்தியாயம் வந்தது. அரை மணி நேரத்தில் ஆப்பில் 'மதுரை மல்லிகா' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். ஐம்பது வருஷம் தமிழ் படித்த அறிவையெல்லாம் திரட்டி எழுதினேன்: "தாய்மார் உடன்பிறந்தவர்கள் என்றால் இவர்கள் அண்ணன் தங்கை அல்லவா? இந்தக் கண்றாவியைக் குடும்பப் பெண்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?"

என் வாழ்நாளில் நான் எழுதிய எதையும் இத்தனை பேர் படித்ததில்லை. அடுத்த நாள் காலைக்குள் மல்லிகாவுக்கு ஆதரவு குவிந்துவிட்டது. "அட ஆமால்ல" என்றார்கள். "சீ" என்றார்கள். "எங்க அத்தை போனைப் பிடுங்கி வச்சிட்டாங்க" என்றாள் ஒரு பெண். "டெக்லனை ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்கன்னு சொல்லிடுங்க பாய், சரியாயிரும்" என்று ஒரு நல்ல மனசுக்காரர் யோசனை சொன்னார். நான் ஒவ்வொன்றையும் பல தடவை படித்தேன். என் நாவலுக்கு வந்த விமரிசனங்கள்போல.

அன்றைக்கு மேஜைக்குப் போனதும் பாய் செல்போனை என்னிடம் நீட்டினார். "யார் சார் இந்த மல்லிகா? நான் என்ன செஞ்சேன் இந்தம்மாவுக்கு?"

"விடுங்க பாய். வேல இல்லாத பொம்பளையா இருப்பா" என்றேன். கூடவே ஒரு யோசனையும் சொன்னேன். "டெக்லனோட அம்மாவை மொய்ராவுக்கு அத்தையா மாத்திருங்க. ஒரு வார்த்தைதான். முறை சரியாயிரும்."

"அது மட்டும் முடியாது சார்" என்றார். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, காத்திருந்த ஒருவருக்கு அடமானப் பத்திரம் எழுத ஆரம்பித்தார்.

அதையடுத்து வந்த வியாழக்கிழமை கதை வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. ஒரு மாதம் போயிற்று. மேஜையில் பாய் பத்திரம் மட்டும் எழுதினார். அதில் ஒரு வரிகூட அழகாக இல்லை. நான் எதிர்பார்த்த சந்தோஷமும் வரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பாண்டியரைப் பற்றிப் பேசினால், "ம்" என்பார். முன்பும் "ம்" என்றுதான் சொல்வார். ஆனால் அதில் ஒரு ஆள் இருப்பார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "மொய்ரா என்ன ஆனான்னு பாய் வீட்டுக்கே போயிக் கேட்டுட்டு வாங்க. கடல்லயே எம்புட்டு நாள் அந்தப் பய மிதப்பான்?"

போனேன். பாய் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டு, தானாகவே ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாக. எழுதச் சொல்லுங்க. ஒவ்வொரு வாரமும் மொதல்ல எனக்குத்தான் வாசிச்சுக் காமிப்பாக. இப்ப வீட்டுல பேச்சே இல்ல."

"அந்த முறை விஷயத்த மாத்தச் சொன்னேன்மா. கேக்க மாட்டேங்காரு."

அந்த அம்மா பாயைப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படிண்ணே மாத்துவாக? அது எங்க கதையில்ல? எங்கம்மாவும் இவுக அம்மாவும் கூடப்பிறந்தவுக. எங்கள்ல அப்படிக் கட்டிக்கிடலாம். வீட்டுல ஆருக்கும் வருத்தமில்ல. ஆனா தெருவுல கேப்பாகல்ல, 'நீங்க ரெண்டு பேரும் என்ன சொந்தம்'னு? நாப்பது வருசமா 'தூரத்துச் சொந்தம்'னே சொல்லிட்டோம். பிள்ளைக பள்ளிக்கூடத்துலயும் அதேதான். ஒரு கதையிலயாச்சும் நெசத்தச் சொல்லணும்னு இவுகளுக்கு ஒரு ஆச."

பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இந்த ஊர்ல வச்சு எழுதினா முறை கேப்பாகன்னுதான் சார் அயர்லாந்துக்குக் கொண்டு போனேன். அங்கனயும் வந்து கேட்டுட்டா அந்த மல்லிகா."

டீயைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தேன். வாழ்க்கையில் நான் தயாரிக்காமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

"மல்லிகா நான்தான் பாய்."

பாய் என்னைப் பார்த்தார். என் மீசையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அந்தத் தாள உங்ககிட்டத்தான சார் காமிச்சேன்" என்றார்.

"ஆமா பாய். பாத்த உடனே தெரிஞ்சது. பொறாமை. வேற ஒண்ணுமில்ல. உங்க கதைய என் வீட்டுல குழம்பு தீயத் தீயப் படிக்கா. என்னுதக் கட்டிலுக்கடியில எலி கூடத் தொடல. உங்க சூனியக்காரி பேசுத மாதிரி ஒரு வரி என்னால எழுத முடியாது. அதத்தான் என்னைக்கோ உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

பாய் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் செருப்பைத் தேடினேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பின்னால் அவருடைய குரல்தான் வந்தது.

"மல்லிகா, டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தாரேன். குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். மறதிதானா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் சொந்தப் பெயரில், படத்தோடு, ஆப்பில் எழுதினேன். மல்லிகா நான்தான், செய்தது அயோக்கியத்தனம், டெக்லனும் மொய்ராவும் எந்தச் சொந்தமாக இருந்தாலும் சேர வேண்டும் என்று. பாய் வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. பின்னால் அவரே எல்லாருக்கும் சொல்லிவிட்டார், இங்கே எழுதவும் அனுமதி கொடுத்திருக்கிறார். என் மன்னிப்புக்கு வந்த பதில் ஒன்றே ஒன்று: "பெரியவரே, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க."

அதற்குப் பிறகு மூன்றாவது வியாழக்கிழமை கதை வந்தது. வாசகர்களில் பலர் திரும்பி வரவில்லை. பாய் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. தாய்மார் இருவரும் கடைசி வரை அக்காள் தங்கையாகவே இருந்தார்கள். மொய்ராவும் டெக்லனும் அப்படியே கல்யாணம் செய்துகொண்டார்கள். அயர்லாந்தில் ஆட்சேபணை சொல்ல ஒருவரும் வரவில்லை.

கடைசி அத்தியாயத்தைக் கேட்க என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டு, "எப்படி புள்ள இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை. அது நியாயம்தான். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் அவர் மேஜைக்குப் போகிறேன். டீ வாங்கித் தருகிறார், நன்றாகப் பேசுகிறார். புதுக் கதைக்கு ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் வந்தால் தாளைக் கவிழ்த்து வைக்கிறார். என்றைக்காவது ஒரு நாள் கவிழ்க்க மறந்துவிடுவார் என்று பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.