தொண்ணூற்று மூன்று நாள் சுல்தான்

மயிலாப்பூரில் கோயிலுக்குப் போகாதவர்கள்கூட இருக்கலாம். துருக்கி மாமாவின் தங்கக் காசைத் தரிசிக்காதவர் எங்கள் தெருவில் ஒருவரும் கிடையாது.

மாமா தொலைபேசி இலாகாவில் ஓய்வுபெற்றவர். ஆவடியைத் தாண்டினாலே அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். அவரிடம்தான், தொண்ணூற்று மூன்றே நாள் ஆண்ட ஓர் ஒட்டோமான் சுல்தானின் காசு இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு.

"மூணு மாசத்துல சிம்மாசனத்துலேர்ந்து எறக்கிவிட்டுட்டா. அதுக்குள்ள எத்தனை காசு அடிச்சிருக்க முடியும், சொல்லு?" என்பார்.

காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். கழுவுவது மகாபாவம், அதன் வயசே போய்விடுமாம். "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும் சாமி" என்று பால்காரர் சொன்னதற்காக, மாமா பாலை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கடுங்காபி குடித்தார். காசு வைத்திருந்த உறையில், அது யார் யாரிடம் இருந்தது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல். கடைசி வரி: 'நான்'.

நவராத்திரியில் சுல்தானுக்கு மாமா வீட்டுக் கொலுவின் கடைசிப் படி, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில். ஒரு வருடம் சுண்டல் வாங்கப் போன என் நான்கு வயது மகள் அனு, தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் என்று நினைத்து அதை விழுங்கிவிட்டாள்.

"ஐயோ மாமா, உங்க காசு..."

"காசு கெடக்கட்டும்டி! மூச்சு விடறாளா பாரு!" சட்டைகூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்னா சாமி, கொயந்த நாலணா முழுங்கிச்சா?"

"நாலணா இல்லப்பா, சுல்தான். நீ ரோட்டைப் பாரு!"

எக்ஸ்ரேயில், வயிற்றுக்குள் வெள்ளை வட்டம். "தானா வந்துடும், வாழைப்பழம் கொடுங்க" என்றார் டாக்டர். மாமா தினமும் காலையில் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து நிற்பார். "இன்னிக்கு?"

மூன்றாம் நாள் காசு வெளியே வந்தது. இடுக்கியில் பிடித்துக்கொண்டு, "இப்ப என்ன மாமா பண்றது?" என்றேன்.

காசைப் பார்த்தார். பின்னால் சிரித்துக்கொண்டு நின்ற அனுவைப் பார்த்தார்.

"கழுவு" என்றார். "சோப்பே போடு."

போன மாதம் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனோடு இருக்கப் போனார். போகும்போது உறையை அனுவின் கையில் வைத்து மூடினார். 'நான்' என்பதன் கீழே, 'அனு, மூணு நாள்' என்று இருந்தது. அடுத்து, 'மறுபடியும் நான்'. அதற்கும் கீழே, மை காயாத வரி:

'மறுபடியும் அனு. இந்தத் தடவை அவளை யாரும் எறக்கப்படாது.'