முன்பாதிக்காரர்

“நான் இன்னும் படிக்கல, ஆனா…” என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், அன்பரே, முதல் வேலையாகப் பக்கத்தில் நாற்காலி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். நின்றுகொண்டே கேட்டு முடிக்கக்கூடிய சங்கதி அல்ல அது. உங்கள் எதிரே நிற்பவர் பெரியவர் கட்சிக்காரர்.

கட்சி என்றதும் பயப்பட வேண்டாம். இதில் கொடி கிடையாது, தேர்தல் கிடையாது. உளவாளிக் கதைகளாக எழுதித் தள்ளிப் பெரும் பெயர் வாங்கிய ஓர் எழுத்தாளர் ஒரு நாள் காலமாகிவிடுகிறார். அவருடைய கதாநாயகன் மட்டும் சாகவில்லை. அவ்வளவு நன்றாக விற்கிறவனைச் சாகவிடப் பதிப்பகத்தாருக்கு மனம் வருமா? இன்னொருவரைக் கூப்பிட்டு, “நீங்கள் தொடருங்கள்” என்கிறார்கள். அவரும் தொடர்கிறார். இந்தக் கட்சி பிறப்பது அன்றைக்குத்தான். முன்னவர் ‘பெரியவர்’ ஆகிவிடுகிறார். பின்னவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ‘அந்தாளு’தான்.

கட்சிக்காரரைப் புத்தகக் கடையில் சுலபமாக அடையாளம் காணலாம். புதிய நாவலைக் கையில் எடுப்பார், திறக்க மாட்டார். அட்டையில் பெரியவர் பெயர் கொட்டை எழுத்தில் மேலேயும், புதியவர் பெயர் எறும்பு ஊர்ந்ததுபோலக் கீழேயும் இருக்கும். “என்ன தைரியம் பாருங்க, எவ்வளவு பெருசா பேரைப் போட்டுக்கிட்டிருக்கான்!” என்பார். அப்புறம் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கனமாக இருந்தால், “பெரியவர் இப்படி வளவளன்னு எழுதினதே கிடையாது.” லேசாக இருந்தால், “சரக்கு இல்ல, அதான்.” பெருமூச்சு விட்டபடி புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதன்மேல் பெரியவருடைய பழைய நாவல் ஒன்றைக் கவிழ்த்து மூடிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவார்.

“பெரியவரோட மகளே சம்மதிச்சுத்தான் எழுத விட்டிருக்காங்களாமே?” என்று கேட்டுப் பாருங்கள்.

“மகளுக்கு என்னங்க தெரியும்? அவங்க வெறும் சொந்தக்காரங்க. நாங்க வாசகர்கள்!”

பெரியவர் தப்பே செய்ததில்லையா என்றால், செய்திருக்கிறார். சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு அலைகிற அவருடைய உளவாளிக்கு மூன்றாவது கதையில் இடது முழங்காலில் குண்டு பாய்ந்தது. ஐந்தாவது கதையில் அவன் வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். நீங்களும் நானும் இதை மறதி என்போம். கட்சிக்காரரைக் கேளுங்கள். “மறதியா? எதிரியைக் குழப்பறதுக்காகக் கால் மாத்தி நொண்டுறான்யா! இது புரியறதுக்கே ரெண்டு தடவை படிக்கணும்.” அதே உளவாளி புதியவர் கையில் ஒரு கதவை இடது கையால் திறந்துவிட்டால் போதும், “கை எதுன்னுகூடத் தெரியாதவன் எல்லாம் எழுத வந்துட்டான்” என்று தெருவையே கூட்டிவிடுவார்.

இந்த இனத்தில் நான் மிக அருகிலிருந்து பார்த்தது என் அத்தானை. அத்தான் என்றால் அக்காவின் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதிர் வரிசையில் தையல்கடை வைத்திருப்பவர் அவருடைய இளவயது நண்பர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் சாம்பல் கோட்டுப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் ஒரு விநோதமான வழக்கமும் இருந்தது.

பெரியவரின் புதுக் கதை வந்தால் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம்தான் வாங்குவார்கள். யார் முதலில் படிப்பது? இருவருக்கும் பொறுமை கிடையாது. ஆகவே தையல்காரர் பிளேடை எடுத்து, பிரித்துத் தைக்க வந்த சட்டையைப் பிரிப்பதுபோல, புத்தகத்தின் முதுகுத் தையலைச் சரியாக நடுவில் பிரித்துவிடுவார். ஒருவருக்கு முன்பாதி, மற்றவருக்குப் பின்பாதி. அடுத்த கதைக்கு முறை மாறும். பின்பாதி கிடைத்தவருக்குத் துரோகி யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். ஆனால் மற்றவர் கைக்கு அந்தப் பாதி போய்ச்சேரும் வரை மூச்சு விடக்கூடாது. மறைக்க வேண்டியதையெல்லாம் மனைவியிடம் உளறிவிடுகிற அத்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்க்கவேண்டுமே! இருவரும் படித்து முடித்ததும் ஜீன்ஸ் தைக்கிற தடித்த நூலால் தையல்காரர் மறுபடி தைத்துவிடுவார். அக்கா வீட்டு அலமாரியில் முதுகில் மஞ்சள் நூலோடு வரிசையாக நிற்கிற புத்தகங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

பெரியவர் போனார். புதியவர் எழுதிய முதல் சாம்பல் கோட்டுக் கதை வந்தது. தையல்காரர் வழக்கம்போல வாங்கினார், வழக்கம்போலப் பிரித்தார். இந்த முறை முன்பாதி அத்தானுக்கு என்பதால் அதைக் கொண்டுவந்து கண்ணாடிக் கடை மேஜைமேல் வைத்தார்.

“எடுத்துட்டுப் போ. அந்தாளு எழுதினதை நான் தொடமாட்டேன்” என்றார் அத்தான்.

“படிச்சுட்டுத் திட்டேன்யா.”

“பெரியவர் தட்டுல இன்னொருத்தன் உக்காந்து சாப்பிடறான், நீ பரிமாறிட்டு நிக்கற. உனக்கு வெக்கமா இல்ல?”

தையல்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையை விட்டு இறங்கிப் போனார். பாதிப் புத்தகம் மேஜைமேலேயே கிடந்தது. அன்று மாலை வழக்கமான தேநீருக்கு அவர் வரவில்லை. அத்தானும் போகவில்லை. மறுநாள் தெருவில் நேருக்கு நேர் வந்தபோது, முப்பது வருஷமாக வாய்யா போய்யா என்றே பேசிக்கொண்ட மனிதர், “வணக்கம் சார்” என்றார். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட அத்தான் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பார்.

நண்பர் இல்லாத சாயங்காலங்களை அத்தான் எப்படிக் கழித்தார் என்கிறீர்கள்? சீக்கிரமாக வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, புதியவர் எப்படிக் கெடுத்தார் என்பதை அக்காவுக்கு விளக்கினார். “ஒண்ணு இவரை அங்க அனுப்பு, இல்ல என்னை எங்கயாவது அனுப்பு” என்று அக்கா எனக்குப் போன் செய்தாள்.

போனேன். சாதாரண நாள், கடையில் கூட்டமில்லை. ஆனால் கண் சோதிக்கிற குட்டி அறையின் கதவு சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினேன். ஏதோ இழுப்பறை மூடுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அத்தான் வியர்வையோடு வெளியே வந்தார்.

“யாருக்குக் கண் பாத்துக்கிட்டிருந்தீங்க அத்தான்?”

“போர்டைத் துடைச்சேன்.”

“புதுக் கதை எப்படி இருக்காம்?”

“நான் இன்னும் படிக்கல மச்சான், ஆனா அந்தாளு சாம்பல் கோட்டுக்கு டீயில சர்க்கரை போட்டுட்டான்! ஆயுசுல சர்க்கரை தொடாதவன்! அதுவும் எடுத்த உடனே, ரயில்ல ஏறறதுக்கு முன்னாடி, ஸ்டேஷன் மூலைல அந்தப் பச்சை பெஞ்சுல உக்காந்து, ரெண்டு கரண்டி!”

“படிக்காம இவ்வளவும் எப்படித் தெரியும்?”

“சொன்னாங்க.”

“யாரு?”

“நாலு பேரு சொன்னாங்க. அதை விடு. கதைக்கு ஒரு முடிவு இருக்கா? எல்லாத்தையும் பாதியில தொங்கவிட்டுட்டான். துரோகி யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. ஏன், கடைசி வாக்கியத்தையே அந்தாளு முடிக்கல! ‘கதவைத் திறந்தது வேறு யாருமல்ல’னு ஒரு கமா போட்டான், எந்திரிச்சுப் போயிட்டான்!”

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

அங்கிருந்து நேரே தையல்கடைக்குப் போனேன். அவரோ வாடிக்கையாளருக்கு மார்பளவு எடுத்துக்கொண்டே புதியவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். “பெரியவரெல்லாம் அறிமுகம், ஊர் வர்ணனைன்னு அம்பது பக்கம் இழுப்பாரு. இவரு அப்படியா? முதல் வரியிலயே ஆள் உள்ள வந்துடுது! யாரு, எவருன்னு ஒரு விளக்கமும் கிடையாது. கடைசி வரைக்கும் அந்த மர்மத்தைக் காப்பாத்தறாரு பாருங்க, அது எழுத்து! கையைத் தூக்குங்க.”

ஆக, தெருவின் இந்தப் பக்கம் ஒரு கண்டனம், அந்தப் பக்கம் ஒரு பாராட்டு. இரண்டுக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. மருந்துக் கடைக்காரரும் சலவைக்காரரும் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலே ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். கருத்துக்கு என்ன, முழுப் புத்தகமா வேண்டும்?

ஆளுக்கொரு புத்தகம் வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அத்தான் வாங்கினால் புதியவருக்கு விற்பனை கூடிவிடும். அது கொள்கைக்கு விரோதம். தையல்காரர் வாங்கினால், நண்பர் இனி வரவே மாட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் அதைச் செய்யவில்லை. பின்பாதியைப் பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில், கடைக்குள் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அத்தானுக்கோ தூக்கம் போயிற்று. கதவைத் திறந்தது யார்? கேட்டால் படித்தது தெரிந்துவிடும். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஒரு நாள் பழைய பேண்ட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

“என்ன சார் வேணும்?” என்றார் தையல்காரர்.

“இடுப்புல கொஞ்சம் பிடிக்கணும்.”

“சரி சார். வேற?”

அத்தான் பொத்தான் டப்பாவைப் பார்த்தார். “வேற ஒண்ணும் இல்ல.”

இரண்டு நாள் கழித்து அடுத்த பேண்ட். அப்புறம் அதற்கடுத்தது. ஒவ்வொரு முறையும் “வேற சார்?” என்று அவர் கேட்க, “வேற ஒண்ணும் இல்ல” என்று இவர் திரும்ப, வீட்டிலிருந்த பேண்ட் எல்லாம் பிடித்துத் தைக்கப்பட்டு, மனுஷர் கடையில் உட்காரவே முடியாமல் நின்றபடி வியாபாரம் செய்ய ஆரம்பித்தார். கடைசியில் அக்கா அவர் கையில் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துக் கொடுத்து, என்னையும் கூட அனுப்பினாள். “இதுக்கு மேல தைக்க வீட்டுல துணி இல்ல. இன்னிக்குக் கேட்டுட்டு வரச் சொல்லு.”

“என்ன சார் வேணும்?”

அத்தான் கோட்டை மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்:

“கதவைத் திறந்தது யாருய்யா?”

கடையில் தையல் மெஷின் நின்றது. தையல்காரர் தலை நிமிரவில்லை.

“தங்கச்சி.”

“யாரோட தங்கச்சி?”

“அதைத்தான்யா நானும் உன்கிட்ட கேக்கணும்னு இத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்! ‘அவருடைய தங்கைதான்’னு என் பக்கம் ஆரம்பிக்குது. அப்புறம் கடைசி வரைக்கும் தங்கை, தங்கைன்னேதான் வருது. யாரு தங்கச்சிய்யா அவ?”

“மேலதிகாரியோட தங்கச்சி!” என்று கத்தினார் அத்தான். “ஐயோ, அப்ப சாவியைக் கொடுத்தனுப்பினது…”

“எந்தச் சாவி?”

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்ததே அவர்களுக்கு நினைவில்லை. கண் சோதிக்கிற அறையிலிருந்து முன்பாதி வந்தது. பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து பின்பாதி போயிற்று. ஒருவர் துணி வெட்டுகிற மேஜைமேலும், இன்னொருவர் வாடிக்கையாளர் ஸ்டூலிலும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். அத்தான் உட்கார்ந்தபோது பின்பக்கம் ‘டர்’ரென்று ஒரு தையல் விட்டது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

சண்டை தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. புத்தகம் மஞ்சள் நூலோடு அலமாரிக்கு வந்த மறுநாளே மாலைத் தேநீரும் திரும்பி வந்தது. கூடவே ஒரு புதுச் சண்டையும் வந்தது.

“இப்பத்தான் முழுசாப் படிச்சேன். என்ன முடிவுய்யா! பெரியவருக்கே இது தோணியிருக்காது” என்கிறார் அத்தான்.

“போய்யா, நானும் இப்பத்தான் முழுசாப் படிச்சேன். அந்த மர்மமே போச்சு. முன்பாதியில எல்லாத்தையும் விளக்கித் தொலைச்சுட்டான் அந்தாளு. பெரியவர் எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?” என்கிறார் தையல்காரர்.

தினமும் கட்டிப் புரளாத குறையாக நடக்கிறது. இருவருக்கும் முகத்தில் அப்படி ஒரு களை. அக்கா சமையலறையில் நிம்மதியாக இருக்கிறாள்.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். எதையும் முழுக்கப் படித்த பிறகே வாய் திறப்பவர் நீங்கள். இருந்தாலும் ஒரு சந்தேகம். இதைப் படிக்கத் தொடங்கி, மூன்றாவது பத்தி தாண்டுவதற்குள், “அந்தக் காலத்துல இந்த மாதிரி கேலி எழுதினவங்க இருந்தாங்க, இவங்களுக்கெல்லாம் எங்க வருது” என்று உங்களுக்குத் தோன்றியதா? பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல நாக்கு துடித்ததா? தாராளமாகச் சொல்லுங்கள். முதலில் அவருக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுங்கள்.