எல்லா செட்டும் கிடைக்கும்

“அப்படியே ஒரு பல் செட்டும் எழுதிக்குங்க” என்றார் நஞ்சப்பன்.

அதுவரை குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்த நூர் பாஷாவின் பென்சில் நின்றது. மைக் செட், லைட் செட், பாத்திர செட், நாற்காலி செட், மேள செட் எல்லாம் எழுதியாகிவிட்டது. தர்மபுரியில் அந்த முகூர்த்த மாதத்தின் மிகப் பெரிய கல்யாணம் தன் கடைக்கே வந்துவிட்டதாக அவன் மனசுக்குள் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தான்.

“எந்த செட்டுங்க அண்ணே?”

“பல் செட்டு. வாயில மாட்டறது.” நஞ்சப்பன் வாயைத் திறந்து காட்டினார். அறுவடை முடிந்த காடு மாதிரி உள்ளே ஒன்றுமில்லை. “ஆயில் இன்ஜின் பம்ப் செட்டு வாங்கினேன் பாய். ஸ்டார்ட் பண்றப்ப கைப்பிடி எகிறி மூஞ்சியில அடிச்சிருச்சு. முன்பல்லு கெணத்து மேட்டுலயே போச்சு. ஆடிக்கிட்டிருந்த மிச்சத்தை ஆஸ்பத்திரியில புடுங்கிட்டாங்க. ஒரு செட்டு வூட்டுக்கு வந்துச்சு, ஒரு செட்டு போயிருச்சு.”

“அதெல்லாம் வாடகைக்கு விடற பொருளு இல்லீங்களே.”

நஞ்சப்பன் எழுந்து தெருவில் இறங்கி, கடை போர்டை அண்ணாந்து பார்த்தார். பெயிண்ட் வாசனை இன்னும் போகாத போர்டு. ‘எல்லா செட்டும் இங்கே வாடகைக்குக் கிடைக்கும்.’

“எனக்குப் படிக்கத் தெரியும் பாய்” என்றார்.

போர்டுக்குக் காரணம் எதிர்க்கடை சவுரியப்பன். நூர் பாஷாவிடம் ஒரு குழாய் ஸ்பீக்கர் இருந்தால் அவனிடம் இரண்டு. என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் நூர் பாஷாவுக்கு அந்த இங்கிலீஷ் சொல் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் ‘செட்’ அளவுக்கு உழைக்கிற சொல் வேறு கிடையாது. ரேடியோவும் செட், கம்மலும் செட், கூடச் சீட்டாடுகிறவர்களும் செட். பையன் உருப்படாமல் போனால் சேர்ந்த செட் சரியில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘எல்லா’ என்று ஒன்றைச் சேர்த்தால் ஊரே தன் கடைக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டான்.

“இல்லைன்னா சொல்லுங்க. எதிர்ல கேட்டுக்கறேன். எல்லாத்தையும் ஒரே எடத்துலதான் எடுக்கறதா இருக்கேன்” என்றார் நஞ்சப்பன்.

நூர் பாஷாவின் மூக்கில் பச்சைத் தோல் வாசனை அடித்தது. மனைவி ஹசீனா அன்று காலையில்தான் கெடு வைத்திருந்தாள். “இந்த மாசமும் கடை நிமிரலைன்னா, பேசாம என் தம்பியோட தோல் மண்டியில போயி உக்காருங்க.” ஒருமுறை அந்த மண்டிக்குள் போய்வந்த பிறகு பல நாள் அவனுக்கு ஆட்டுக்கறி இறங்கவில்லை.

“பல்லு எதுக்குண்ணே? சிரிக்கவா?”

“சிரிக்கறதுக்குப் பல்லு எதுக்கு? பாக்கு கடிக்கணும். எங்க பங்காளிங்கள்ல அதான் மொறை. ரெண்டு சம்பந்தியும் பந்தல்ல எதிரெதிரா உக்காந்து வெத்தலை மாத்திக்கணும். பாக்கு கடிபடற சத்தம் சபைக்குக் கேக்கணும். அப்புறந்தான் தாலி.”

“கெடைக்குமுங்க” என்றான் நூர் பாஷா.

நேரே பல் கட்டும் தாவூதின் கடைக்குப் போய், புதன்கிழமை கல்யாணத்துக்கு ஒரு பல் செட் கேட்டான்.

“வாயைப் பாக்காம எப்படிறா பல்லு கட்டறது? கட்டினாலும் புதன்கிழமைக்கு ஆவாது” என்றார் தாவூது.

அலமாரியில் ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீருக்குள் ஒரு முழு செட் சிரித்துக்கொண்டிருந்தது.

“இது?”

“ரிப்பேருக்கு வந்தது. வேலை முடிஞ்சிருச்சு. ஆளு வரலை.”

“ஒரு நாளைக்குக் குடுங்க மாமு.”

“அடேய், அது ஒருத்தரோட வாயிடா.”

“போன பெருநாளைக்கு நீங்க போட்டிருந்தீங்களே ஒரு கோட்டு, அது உங்களுதா? சலவைக்கடையில யாரோ துவைக்கப் போட்டதுதானே?”

தாவூது டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை ஏரியூரில் நஞ்சப்பன் மகனுக்குக் கல்யாணம். செட் நஞ்சப்பனுக்குக் கொஞ்சம் பெரிசு. ஆனாலும் பல் பல்தான். காலையிலிருந்து அவர் கன்றுக்குட்டியைப் பார்த்தும் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்வீட்டார் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வேனில் வந்து இறங்கியதும், மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“எல்லாரும் ஸ்ஸ்ஸாப்புட்டுட்டுத்தான் போவணும். இங்க இருக்கற எல்லா ஸ்ஸெட்டும் நம்ம நூர் பாஸ்ஸ்ஷா பாயி குடுத்தது.”

பல்லிடுக்கில் புறப்பட்ட காற்று குழாய் ஸ்பீக்கர் வழியாக ரயில் மாதிரி ஊதியது. கட்டுத்தறியில் மாடுகள் எழுந்து நின்றன.

பெண்ணின் அப்பா ராஜப்பன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, நஞ்சப்பனின் முகத்தையே இமைக்காமல் பார்த்தார். அப்புறம் திரும்பி நூர் பாஷாவைப் பார்த்தார். மறுபடி நஞ்சப்பனைப் பார்த்தார்.

சற்று நேரத்தில் நஞ்சப்பனின் மனைவி பாஞ்சாலி ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்தாள்.

“பாய், சம்பந்தி வாயே தொறக்க மாட்டேங்கறாரு. இவரு சிரிக்கச் சிரிக்க அவரு மொறைக்கறாரு. தன்னைப் பாத்து நக்கல் பண்றதா நெனச்சுக்கிட்டாரு போல. நீங்க குடுத்த பல்லாலதான் வந்துச்சு. நீங்களே சமாதானம் பண்ணுங்க.”

நூர் பாஷா தானே ஒரு தட்டு முறுக்கு கொண்டுபோனான். “கைமுறுக்குங்க. நல்லா மொறுமொறுன்னு இருக்கு.”

ராஜப்பன் முறுக்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“பலகாரத்தைத் தொடலை” என்று பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது.

மரியாதை போதவில்லையோ என்று நினைத்து மைக்கை நீட்டினான். “பொண்ணோட அப்பா, சபைக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும்.”

ராஜப்பன் மைக்கைத் தள்ளிவிட்டார். குழாய் வீல் என்று அலறியது. பெண்ணின் தாய்மாமன் எழுந்து, “எங்க மச்சான் மனசு நோவற மாதிரி என்னா பண்ணீங்க?” என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா, “வந்ததுலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறது யாரு?” என்றார். பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

“மொதல்ல வெத்தலையை மாத்துங்க” என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

சம்பந்திகள் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். நஞ்சப்பன் பாக்கை வாயில் போட்டார். கடக். பந்தலே நிமிர்ந்தது. ராஜப்பன் துண்டுக்குள் கையை விட்டுப் பாக்கை வாயில் போட்டார்.

சத்தம் இல்லை.

சபை காத்திருந்தது. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடியே இருந்தார். “கடிக்க மாட்டேங்கறாரு. அப்படின்னா சம்பந்தம் வேணாங்கறாரு” என்றார் சித்தப்பா. மணவறையில் பெண் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

நூர் பாஷாவுக்கு மண்டியின் படிக்கட்டே தெரிந்தது. கையில் மைக் இருந்தது. அதை மடிக்குள் மறைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினான்.

கடக்.

“கடிச்சுட்டாருப்பா” என்றது சபை. கெட்டிமேளம் முழங்கியது. நஞ்சப்பனின் மகன் தாலி கட்டினான்.

கூட்டம் முதல் பந்திக்கு நகர்ந்தது. நஞ்சப்பன்தான் முதல் இலையில் உட்கார்ந்தார். நூர் பாஷா ஒயரைச் சுருட்டும்போது பின்னால் நிழல் விழுந்தது. ராஜப்பன். தன் நகத்தைப் பார்த்துவிட்டார் என்று நூர் பாஷா கட்டைவிரலை மடக்கிக்கொண்டான்.

ராஜப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக வாயிலிருந்த துண்டை எடுத்தார். குனிந்து காதோடு சொன்னார்.

“சம்பந்தி கை கழுவினதும் அந்தப் பல்லை வாங்கி நல்லா அலசிக் குடுங்க பாய். தாவூது எங்கிட்ட இன்னும் ரிப்பேரு முடியலைன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நான் ரெண்டாம் பந்தியில உக்காரணும்.”