மெம்பர் டீச்சர் அளந்த மழை

மக்களுக்குச் சேவை செய்தே தீருவேன் என்ற வெறியில் நான் பிரதேச சபைக்குப் போகவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேட்பாளர் பட்டியலில் ஒரு பெண் பெயர் குறைந்தது. பசறையிலிருந்து பஸ் ஏறி, வளைவுகளில் குடலைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும் எங்கள் தோட்டத்தில் நான் பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், பேரு மட்டும் குடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று வந்து கேட்டார்கள். கொடுத்தேன். மற்றதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டதில் நான் உறுப்பினராகிவிட்டேன். வெறும் டீச்சராக இருந்தவள் ஒரே நாளில் மெம்பர் டீச்சர் ஆனேன்.

அதன் பிறகு என் நடை மாறியது, கைப்பை மாறியது. "எனது வட்டாரம்" என்று பேசப் பழகினேன். என் கணவர் சிவா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர். வாய் அதிகம் பேசாதவர். இன்னொரு அப்பளம் கேட்டதற்கு, "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று நான் பதில் சொன்னதாக இன்றுவரை சாதிக்கிறார். (பச்சைப் பொய். "பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன்.)

எங்கள் தோட்டத்தில் பின் லயம் என்று ஒரு வரிசை வீடுகள் மலைச்சரிவை ஒட்டி இருந்தன. அங்கே மண் சரியும் அபாயம் உண்டு என்று வந்து பார்த்தவர்கள் சொல்லி, சிவப்புப் பலகை ஒன்றையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தரும்வரை (எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள், நானே பல இடங்களில் கேட்டுக் களைத்துப்போனேன்) மழை வலுத்தால் எல்லோரும் மேட்டிலிருக்கும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக ஓர் அனர்த்தக் குழு அமைத்தார்கள். தலைவி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அனர்த்த வேலைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் பண்டார சேர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து மூன்று சாமான்களை என்னிடம் ஒப்படைத்தார். கையால் சுற்றும் சைரன், கை ஒலிபெருக்கி, மழைமானி. மழைமானி என்பது பெரிய மர்மமொன்றும் இல்லை. மேலே அகன்ற வாய், கீழே பிளாஸ்டிக் குழாய், குழாயில் கோடுகள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் சைரனைச் சுற்ற வேண்டும். பண்டார சேர் சிங்களவர், ஆனால் எங்கள் ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். போகும்போது என்னைப் பார்த்து, "மிஸ், ஒரு தடவ பிழையா ஊதினா, அடுத்த தடவ ஒருத்தரும் வர மாட்டாங்க. அது மட்டும் ஞாபகம் வைங்க" என்றார்.

ஞாபகம் வைத்தேன். மழைமானியை எங்கள் வாசலில் ஒரு கம்பத்தில் பொருத்தி, தினமும் காலையில் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். மழையே இல்லாத நாட்களிலும் "மழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் மழை வந்துவிடுமா என்று சிவா கேட்டார். நிர்வாகம் தெரியாத மனிதர் என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்தில் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மச்சானைக் கொழுந்தியாள் துரத்துவாள், மாமன் மகளை அத்தை மகன் துரத்துவான், அன்றைக்கு யாரும் கோபப்படக் கூடாது. தெமோதரையில் கட்டிக்கொடுத்த என் தங்கை கலா வருடா வருடம் இதற்கென்றே வருவாள். அம்மனைக் கும்பிட வருகிறேன் என்று சொல்வாள், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி "மச்சான் எங்க?" என்பதுதான். சிவாவும் வருடா வருடம் ஒளிவார். அவளும் வருடா வருடம் கண்டுபிடிப்பாள்.

அந்த வருடம் நான் முதல் தடவையாகக் கோயிலில் சிறப்பு விருந்தினர். கழுத்தில் மாலை. மத்தியானம் ஒரு சிறு மழை பெய்தது. காயப்போட்ட மிளகாயை எடுத்து உள்ளே வைப்பதற்குள் நின்றுவிடும் மழை. மற்றவர்கள் தலையைத் துடைத்துக்கொண்டு அன்னதானத்துக்கு நின்றார்கள். எனக்கோ கடமை அழைத்தது. மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தேன். (கழற்ற மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.)

மழைமானியில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றது.

குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இல்லை, மஞ்சளாகக் கலங்கியிருந்தது. அப்போது என் மூளை செய்த வேலையை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மலை கரைய ஆரம்பித்துவிட்டது, அதுதான் மண் கலந்து வருகிறது என்று முடிவுகட்டினேன். வானத்திலிருந்து விழும் தண்ணீரில் எங்கள் மலை மண் எப்படி டீச்சர் கலக்கும் என்று என் பாலர் பாடசாலைப் பிள்ளைகளே கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருபவள் நான்.

சைரனைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோயில் வாசலில் நின்று சுற்றினேன். தப்பும் உறுமியும் உச்சத்தில் இருந்ததால் புதுசாக ஏதோ வாத்தியம் வந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் அதற்கும் சேர்த்து ஆடினார்கள். கை ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் கோயில் மைக்கைப் பிடித்தேன். "அன்பார்ந்த மக்களே, பதற்றமின்றி வரிசையாக வெளியேறுங்கள்" என்று கண்ணாடி முன்னால் பல நாள் பேசிப் பழகியிருந்தேன். வாயைத் திறந்தபோது "மலை வருது, ஓடுங்க" என்றுதான் வந்தது.

ஓடினார்கள். சோற்று இலையோடு ஓடினார்கள், மஞ்சள் வாளியோடு ஓடினார்கள். அம்மனை விட்டு வர முடியாது என்று பூசகர் மறுத்ததால், ஊர்வலத்துக்காக அம்மன் வீற்றிருந்த டிராக்டரையும் பத்துப் பேர் தள்ளிக்கொண்டு மேடேறினார்கள். இலங்கையில் அம்மனையே இடம்பெயர வைத்த பிரதேச சபை உறுப்பினர் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மேலே போனால் பாடசாலை கேட் பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம். காவலாளி எங்கள் நடுவில்தான் வேட்டியோடு நின்றார், சாவி அவருடைய காற்சட்டைப் பையில், காற்சட்டை பின் லயத்தில் ஆணியில்.

நான் ஒரு கல்லின் மேல் ஏறி மாலையோடு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு பெண், "அஞ்சலை அக்கா எங்க?" என்று கேட்டார்.

அஞ்சலை அக்கா பின் லயத்தின் கடைசி வீடு. கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நடக்க முடியாமல் இருந்தார். கேள்வி கேட்ட பெண் பக்கத்து வீட்டாரைப் பார்த்தார், பக்கத்து வீட்டார் என்னைப் பார்த்தார். நான் என் கொப்பியைப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு நாள் மழையும் கையெழுத்தோடு இருந்தது. நடக்க முடியாதவர் யார் என்று ஒரு பெயர்கூட இல்லை.

நான் கீழே ஓடினேன், சிவா பின்னால் ஓடி வந்தார். அஞ்சலை அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து நிதானமாக, "ஓடுற சத்தமெல்லாம் கேட்டுச்சு. அப்பறம் ஒரு சத்தமும் இல்ல. சரி, எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் அவரைக் கட்டிலோடு தூக்கி எங்கள் வாசல்வரை கொண்டுவந்தபோது செய்தி கேட்டுப் பண்டார சேர் வந்து சேர்ந்திருந்தார். மழைமானிக்குள் விரலை விட்டார், முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "மிஸ், இதுல மஞ்சள் வாசம் வருது" என்றார்.

கலா வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மச்சான் இந்தக் கம்பத்துக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருந்தாரு அக்கா. நான் அவரு தலைக்குத்தான் ஊத்துனேன். குனிஞ்சிட்டாரு" என்றாள். சிவாவைப் பார்த்தேன். ஊரே நனைந்த நாளில் மனிதர் மேல் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. குனிந்தவர் அப்படியே ஃபெக்டரிப் பக்கம் ஓடிவிட்டாராம், தண்ணீர் எங்கே விழுந்தது என்று திரும்பியே பார்க்கவில்லையாம்.

அடுத்த சபைக் கூட்டத்தில் தவிசாளர் முகத்தில் சிரிப்பே காட்டாமல், கௌரவ உறுப்பினரின் வட்டாரத்தில் இவ்வாரம் எவ்வளவு மஞ்சள் பெய்தது என்று கேட்டார். சபை குலுங்கியது. பாலர் பாடசாலையில் பிள்ளைகள் புது விளையாட்டு கண்டுபிடித்தார்கள். ஒன்று "ஓடுங்க" என்று கத்தும், மற்றதெல்லாம் ஓடும். கத்தும் பிள்ளைக்குக் கழுத்தில் மாலை வேறு. சிரிப்பைக்கூடப் பொறுத்திருப்பேன். இனி நான் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், நிஜமாகவே மலை வந்தாலும் வர மாட்டார்கள் என்ற பயம்தான் என்னைத் தின்றது. விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டு, அஞ்சலை அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க பிழையா ஊதுனதுனாலதான் என்னைய மறந்துட்டாங்கன்னு தெரிஞ்சுச்சு டீச்சர். சரியா ஊதியிருந்தா நான் இந்நேரம் மண்ணுக்குள்ள."

கடிதத்தைக் கிழித்தேன். அந்த வாரமே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், நிறுவைக்கு நின்ற பெண்களோடு உட்கார்ந்தேன். பேசியதெல்லாம் அவர்கள்தான், நான் எழுதினேன். நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், ஒவ்வொருவரையும் தூக்குவது யார் என்று பெயர் பெயராகச் சொன்னார்கள். பாடசாலைச் சாவிக்கு மூன்று நகல் எடுத்து மூன்று வீடுகளில் வைத்தோம். இனிச் சைரனுக்குப் பதிலாகக் கோயில் மைக். அஞ்சலை அக்காவைத் தூக்கும் நால்வரில் முதல் பெயராக சிவாவைப் போட்டார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பின்னேரம் நான்கு மணிக்குப் பார்த்தேன், தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. விரலை விட்டேன். முகர்ந்தேன். போதாதென்று நக்கியும் பார்த்தேன். பண்டார சேருக்கு அழைத்தேன்.

"மிஸ், மணந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் சேர். வாசம் ஒன்னும் இல்ல."

"அப்ப கூப்பிடுங்க மிஸ். சுணங்க வேணாம்."

மைக்கைப் பிடித்தேன். வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். "டீச்சர் பேசுறேன். இது நிஜ மழை. பாடசாலைக்கு வாங்க" என்றேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின் லயத்தில் ஒரு கதவு திறந்தது. சிவாவும் மற்ற மூவரும் அஞ்சலை அக்காவை பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மடியில் ஒரு குடை, இரண்டு கோழி. அதற்குப் பின்னால் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யாரும் ஓடவில்லை. என்னைக் கடந்து போகும்போது ஒருவர், "நக்கிப் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "அப்ப சரி" என்று நடந்தார்.

விடிந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மலையின் ஒரு பக்கம் சரிந்து இறங்கி, பின் லயத்தின் கடைசி மூன்று வீடுகளையும் மூடியது. நாங்கள் பாடசாலை வராந்தாவில் நின்று பட்டியலை வாசித்தோம். ஒரு தடவை வாசித்தோம், நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் வாசித்தோம். எல்லாப் பெயருக்கும் குரல் வந்தது. அஞ்சலை அக்கா இரண்டு தடவையும் "இருக்கேன்" என்றார். எனக்கு வந்த நிம்மதியில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது. அந்தக் குடும்பங்களுக்கு வீடு இப்போதுதான் கூரை மட்டம்வரை எழும்பியிருக்கிறது. அதைப் பற்றி நான் சபையில் எழுந்து பேசும்போது யாரும் சிரிப்பதில்லை.

வீட்டிலும் தோட்டத்திலும் சிரிப்புக்குக் குறைவில்லை. வெளியே துணி காயப்போடும் முன் என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள், இன்றைக்கு மழையா மஞ்சளா என்று. மழைமானியைச் சுற்றி ஊர்ப் பெண்களே வேலி அடித்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட யாரும் கொண்டுபோவதில்லை. இந்தச் சித்திரை நீராட்டில் பார்த்தால், தோட்டத்திலுள்ள மச்சான்மார் முக்கால்வாசிப் பேர் அந்த வேலிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் சிவா. கலா வாளியோடு வேலிக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா பதவி முடியட்டும் மச்சான், அன்னைக்கு இருக்கு உங்களுக்கு" என்றாள்.

அடுத்த தேர்தலிலும் நான் கட்டாயம் நிற்க வேண்டும் என்று இப்போது வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பவர் என் கணவர்தான்.