பெல்ட் இல்லாத சாரம்

புதுச் சாமானின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. டீவி ரிமோட் உறைக்குள்ளேயே கிடந்து கிழடாகிப் போகும். சோபாவில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் உறை இருக்கும். என் தங்கை புருஷன் வான் வாங்கி, அதை விற்கிற நாள் வரைக்கும் சீட்டு உறையைக் கழற்றவில்லை. (வாங்கினவராவது கழற்றினாரா என்று விசாரித்தேன். அவரும் எங்கள் ஆள்தான்.) இந்தக் குலத்தில் பிறந்த நான் ஒரு ரப்பர் மில்லில் ஸ்டோர் கீப்பராகவும், கூடவே பாதுகாப்பு அதிகாரியாகவும் இருந்தேன். என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் ஊகிப்பதைவிடக் கொஞ்சம் மோசமாகவே நடந்தது.

மில் உக்குவளைக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி பதவி எனக்குத் திறமையால் வரவில்லை. கண்டியில் ஒரு ஹோட்டலில் பயிற்சி, யாராவது ஒருவர் போக வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, பகல் சாப்பாடு தருவார்களா என்று கேட்ட ஒரே ஆள் நான். தொட்டி, குழி, டாங்கி மாதிரி மூடின இடங்களுக்குள் எப்படி இறங்குவது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். முதலில் உள்ளே இருக்கிற காற்றை அளக்க வேண்டும். புதுக் காற்றை ஊத வேண்டும். இறங்குகிறவன் உடம்பில் பெல்ட்டைப் பூட்டிக் கயிறு கோக்க வேண்டும். மேலே ஒருவன் காவல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் விழுந்தாலும் அந்தக் காவல்காரன் இறங்கவே கூடாது. பயிற்சி தந்தவர் இந்தக் கடைசி விஷயத்தைச் சிங்களத்திலும் சொன்னார், தமிழிலும் சொன்னார். இரண்டும் எனக்கு விளங்கும். ஆனால் என் கண் அப்போது மேசைக்கு வந்துகொண்டிருந்த வட்டிலப்பத்தின் மேல் இருந்தது.

பின்னாலேயே மில்லுக்குச் சாமான்களும் வந்தன. தோளையும் தொடையையும் சேர்த்துப் பூட்டுகிற பெல்ட், அதற்கான கயிறு, கைக்குள் அடங்குகிற காற்று மீட்டர். மஞ்சளும் கறுப்புமாக என்ன அழகு! பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய சாமான், அழுக்காக்கிவிடாதே என்றார் முதலாளி. அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. உறையோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை நான் போட்டிருந்த களிசான் பையில் போட்டுக்கொண்டேன். இடைக்கிடை திறந்து தூசு தட்டுவேன். ஆட்களுக்கு அறிவுரையை மட்டும் தாராளமாக வழங்கினேன்.

மில்லின் பின்புறம் கழிவுக் குழி. ரப்பர் பால் கழுவின தண்ணீரெல்லாம் அதற்குள் போய் அழுகும். கூமுட்டை நாற்றம். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் காற்றடிக்கிற பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போன கதைகூட அந்த வட்டாரத்தில் உண்டு. அந்தக் குழியின் பம்ப் ஒரு வெள்ளிக்கிழமை சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. திங்கட்கிழமை வெளியாட்கள் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் குழி சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போய்க் குளித்து, களிசானைக் கதவில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சாரம் உடுத்து ஜும்ஆவுக்குப் போவது வழக்கம். சாரத்துக்கு மேலே கட்ட மாமா வீட்டில் தந்த பச்சை பெல்ட் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் வயிறு கண்ட வளர்ச்சியில் அதன் கடைசி ஓட்டையும் கைவிட்டுப் போனது. "அவுந்து விழப்போகுது, புதுசு ஒண்ணு வாங்குங்க" என்று என் மனைவி ரிஸானா அன்று காலையிலும் சொன்னாள். அவளும் அதே மில்லில்தான் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கிற வேலை பார்த்தாள். நான் வழக்கம்போலக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழுகை முடிந்து, சாரத்தை வெறுமனே சொருகிக்கொண்டு நேரே மில்லுக்கு வந்தேன்.

குழிக்குப் பக்கத்தில் பம்ப்காரன் செல்வராஜ் வாளியோடு தயாராக நின்றான். மாத்தளை டவுன் பையன், யாரையும் சிரிக்க வைக்காமல் விடமாட்டான். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பான். சாவி வீட்டில் களிசானுக்குள் இருப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போய் எடுத்து வருகிறேன், இரு என்றேன்.

"அது எதுக்குங்க நானா? நம்ம குழிதானே. எத்தன தடவ எறங்கியிருக்கேன்."

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. உறை கிழியாது என்ற நிம்மதி. இதை எழுதும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

செல்வராஜ் ஏணியில் இறங்கினான். நாற்றம் தாங்கவில்லை என்று சத்தம் போட்டான். மண்வெட்டியால் சேற்றைக் கிளறினான். கொஞ்ச நேரம் போனது.

"நானா, இப்ப நாத்தமே இல்லீங்க."

நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். நாற்றம் திடீரென்று நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, வாயு மூக்கைக் கொன்றுவிட்டது, உடனே வெளியே வா என்று கண்டியில் சொன்னார்களே, அது வட்டிலப்பம் வந்த நேரம். அடுத்து, சேற்றில் ஏதோ கனமாக விழுகிற சத்தம்தான் வந்தது.

நான் போட்ட கூச்சலில் முதலில் ஓடிவந்தவன் லொறி டிரைவர் பண்டார. எனக்கு மச்சான் முறை சொல்லிப் பழகின சிநேகிதன். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று அன்று அயன் பண்ணின களிசானும் சப்பாத்துமாகப் புறப்பட்டு நின்றவன். குழிக்குள் எட்டிப் பார்த்தான், செல்வராஜின் பெயரைச் சொன்னான், ஏணியில் இறங்கினான். அவனைத் தடுக்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தது. நான் நகர்ந்து வழி விட்டேன். பாதி ஏணியில் அவன் கைகள் தாமாக விட்டன.

அடுத்தது நான். யோசித்துத் துணிந்தேன் என்று நினைக்க வேண்டாம். கால் தானாக ஓடியது. ஏணியைப் பிடிக்கப் போன நேரம் பின்னாலிருந்து யாரோ என் சாரத்தைப் பிடித்து இழுத்தார்கள். பெல்ட் இல்லாத சாரம்! முழங்காலுக்கு இறங்கிக் காலைக் கட்டிப் போட்டது. குழியின் விளிம்பில் குப்புற விழுந்தேன். (உள்ளே போட்டிருந்ததைப் பற்றிக் கேட்காதீர்கள். அதன் லாஸ்டிக் என் கல்யாணத்துக்கு முந்தியது.) ஷீட் பிரிக்கும் பெண்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சாரத்தின் மறு முனை ரிஸானாவின் கையில் இருந்தது.

"விடு" என்றேன்.

"நீங்க எறங்கினா நானும் எறங்குவேன்."

சொன்னதைச் செய்கிறவள். அவள் முகத்தைப் பார்த்தபோது எங்கள் பிள்ளை கூட்டிப் போக ஆளில்லாமல் பாலர் பாடசாலை வாசலில் நிற்பது தெரிந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு முனகலும் இல்லை. மானம் போய்க் குந்தியிருந்த அந்தச் சில நொடியில்தான் கண்டிக்காரர் சொன்னது எல்லாம் வரிசையாக என் மண்டைக்குள் வந்தது. யாரும் இறங்கக் கூடாது. காற்று.

யாரோ விட்டெறிந்த ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். சாரத்தை அவள் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. உலர்த்தும் அறையின் பெரிய காற்றாடியை இழுத்து வந்து, தார்ப்பாயைக் குழாய்போலச் சுருட்டிக் கட்டி, குழிக்குள் காற்றை அடித்தோம். ஒருவன் தீயணைப்புப் படைக்குப் போன் எடுத்தான். அலுமாரியை அலவாங்கால் உடைத்தார்கள். உறையைப் பல்லால் கிழித்தேன். மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கியதும் அது வீறிட்டுக் கத்தியது. வாங்கின நாளிலிருந்து அது பேசின முதல் பேச்சு. இறங்கப் பார்த்த இரண்டு பேரை நான் கெட்ட வார்த்தையால் ஏசித் தடுத்தேன். பின்புறம் திறந்த ஏப்ரனும் தொழுகைத் தொப்பியுமாக நான் கட்டளை போட, எல்லாரும் கேட்டார்கள்.

தீயணைப்புப் படையினர் முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கி இரண்டு பேரையும் தூக்கி வந்தார்கள். செல்வராஜ் குழிவாய்க்கு நேரே கீழே, சுவரோடு சாய்ந்தபடி கிடந்திருக்கிறான். நாங்கள் அடித்த காற்று அவனுக்குக் கிடைத்திருந்தது, பிழைத்தான். பண்டார முகம் சேற்றில் பதிய விழுந்திருந்தான். சப்பாத்தின் குதிகால் பக்கம் மட்டும் இன்னும் பளபளத்தது.

விசாரணை, மில் பூட்டு, திறப்பு எல்லாம் நடந்தது. இப்போது அந்த மஞ்சள் கறுப்பு பெல்ட் குழிப் பக்கம் ஆணியில், சேறு படிந்து தொங்குகிறது. யாராவது பார்வையிட வருகிற அன்று முதலாளி அதைக் கழுவச் சொல்வார். நான் கழுவ விடுவதில்லை. எனக்கு ஊரில் 'சாரம் நானா' என்று பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கதையை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்பவன் செல்வராஜ். அப்போது மயங்கிக் கிடந்த ஒரே சாட்சி அவன்தான், ஆனால் எல்லாரையும்விட நன்றாகச் சொல்வான். லாஸ்டிக் வரைக்கும் வந்து அங்கேயே நிறுத்திவிடுவான்.

வருஷா வருஷம் பண்டாரவின் நினைவாகப் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கிற தானத்துக்கு நானும் ரிஸானாவும் செல்வராஜும் போவோம். போன முறை, பிக்குமார் போன பிறகு, பண்டாரவின் மனைவி சாரக் கதையைச் சொல்லுங்கள் என்று செல்வராஜிடம் சிங்களத்தில் கேட்டாள். அவன் தயங்கினான். அவள் விடவில்லை. அவன் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அவரும் அன்னைக்கி சாரத்தோடதான் போகப் பாத்தாரு. பள்ளிக்கூடத்துக்குப் போறப்போ களிசான் போடுங்கன்னு சொன்னது நான்தான்."

களிசான் போடாவிட்டாலும் பிடிக்க அங்கே ஆள் இருக்கவில்லை, நின்ற ஒருவனும் வழி விட்டான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ரிஸானா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பச்சை பெல்ட்டை ரிஸானா எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாள். புதுசு வாங்கலாமா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன், அவள் உலர்ந்த சாரத்தை மடிக்கப் போய்விட்டாள். தானம் முடிந்து அன்று திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் சரியான நெரிசல். நான் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டில் உட்கார்ந்திருந்த ரிஸானா, உக்குவளை வரும் வரைக்கும் என் சாரத்தின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.